நாலு மணி நேரச் சாலை: பேறுகால வரைபடத்தைப் பிரதியாக வாசித்தல்

1

சினிமாச் சுவரொட்டி ஒரு பிரதி, கல்யாணப் பத்திரிகை ஒரு பிரதி, தேர்தல் மேடைப் பேச்சு ஒரு பிரதி என்று நாம் நிறையவே எழுதிவிட்டோம். தப்பில்லை. இலக்கியம் என்று வேலி போட்டு வைத்திருந்த இடத்துக்கு வெளியே வாசிப்பைக் கொண்டுபோனதில் சிறுபத்திரிகைகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒவ்வோர் இரவும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் உடம்பைத் தொட்டுப் பார்த்து எழுதுகிற ஒரு பக்கம் இருக்கிறது. அதை நாம் இன்னும் பிரதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பெயர் பார்ட்டோகிராஃப். பேறுகால வரைபடம் என்று தமிழில் சொல்லலாம்.

'பெண்ணெழுத்து', 'உடலெழுத்து' என்று பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். அதிலே பேசப்பட்டது பெரும்பாலும் கவிதை. உடலை எழுதுவதையே ஷிப்ட் வேலையாகச் செய்கிற பெண்கள் அந்த விவாதத்துக்குள் வரவில்லை. அவர்கள் எழுதுவதில் கையெழுத்து உண்டு, ஆசிரியர் என்கிற அந்தஸ்து கிடையாது. பிள்ளை பிறந்து தாயும் வீட்டுக்குப் போனதும் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் கட்டி அலமாரிக்குள் போட்டுவிடுவார்கள். ஓர் எழுத்து எழுத்தாக மதிக்கப்படாமல் போக இவ்வளவு போதாதா?

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு லேபர் வார்டில் என்ன வேலை என்று கேட்கலாம். வாசிக்கிற வேலைதான். அந்த அறைக்குள் நான் போக முடியாது. தாள் வெளியே வருகிறது. அதை எப்படி வாசிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பிரச்சினை.

முதலில் தாள் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். கிராமப்புறச் செவிலியர்களுக்கும் ஸ்டாஃப் நர்சுகளுக்கும் என்று இந்திய அரசு 2010இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருப்பது எளிமையாக்கப்பட்ட வடிவம். ஒரே பக்கம். மேலே பெயர், இன்னாருடைய மனைவி, வயது, எத்தனையாவது பிரசவம், பதிவு எண், வந்து சேர்ந்த நேரம், பனிக்குடம் உடைந்த நேரம். கீழே கட்டங்கள். குழந்தையின் இதயத் துடிப்பு அரை மணிக்கு ஒரு தடவை. பனிக்குடம் உடையாமல் இருக்கிறதா, உடைந்திருந்தால் நீர் தெளிவா, பிள்ளையின் மலம் கலந்திருக்கிறதா, ரத்தமா - ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. நடுவில் பெரிய கட்டம். செங்குத்தாக, கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்பது, நாலிலிருந்து பத்து வரை. கிடையாக மணிக்கணக்கு. அதன் குறுக்கே சாய்வாக இரண்டு கோடுகள், முன்கூட்டியே அச்சடித்தவை. இடது பக்கம் இருப்பது எச்சரிக்கைக் கோடு. அதிலிருந்து நாலு மணி நேரம் வலப்பக்கம் தள்ளி இருப்பது செயல் கோடு.

நர்ஸ் சோதித்துப் பார்த்து ஒரு பெருக்கல் குறி போடுகிறார். நாலு மணி நேரம் கழித்து இன்னொன்று. குறிகள் முதல் கோட்டுக்கு இடப்பக்கமே ஏறிப் போனால் பயமில்லை. கோட்டைத் தாண்டி வலப்பக்கம் சாய்ந்தால் கவனம். இரண்டாவது கோட்டைத் தொட்டால் என்ன செய்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். அடியில் பத்து நிமிஷத்துக்கு எத்தனை வலி, கொடுத்த மருந்து, நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல். அவ்வளவுதான்.

இதை ஃபூக்கோவை வைத்து வாசிப்பது ரொம்பச் சுலபம். மருத்துவமனையின் பிறப்பு பற்றி அவர் 1963இல் எழுதிய நூலைப் புரட்டியவர்கள் அரை மணியில் எழுதி முடித்துவிடலாம்: உடல் கட்டத்துக்குள் அடைக்கப்படுகிறது, காலம் அளவிடப்படுகிறது, இயல்பு எது பிறழ்வு எது என்பதை ஒரு கோடு தீர்மானிக்கிறது, பெண் பார்க்கப்படும் பொருளாகிறாள், அதிகாரம் பென்சில் முனை வழியாகக் கர்ப்பப்பைக்குள் நுழைகிறது. இப்படி எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். இந்த வாசிப்பு பொய் இல்லை. ஆனால் இது எந்தத் தாளுக்கும் பொருந்தும் - ரேஷன் கார்டுக்கும், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்கும். எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவி இந்தப் பூட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இந்தக் கோட்டை யார் போட்டார்கள், எங்கே, யார் கையில் கொடுப்பதற்காக என்று கேட்டால்தான் வாசிப்பு தொடங்குகிறது.

2

கோட்டுக்கு முன்னால் ஒரு வளைவு இருந்தது. 1954இல் நியூயார்க்கில் இமானுவல் ஃப்ரீட்மன் என்கிற மருத்துவர் முதல் பிரசவத்துக்கு வந்த 100 பெண்களின் கர்ப்பப்பை வாய் திறப்பை மணிக்கணக்கோடு வைத்து வரைந்தார். மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, முடிவில் கொஞ்சம் தளர்கிற ஒரு வளைவு கிடைத்தது. அடுத்த ஆண்டு 500 பெண்களை வைத்து அதை உறுதிப்படுத்தினார். அந்த 500 பிரசவங்களில் பாதிக்கு மேல் ஆயுதம் போட்டுத்தான் நடந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. மயக்கமும் ஆயுதமும் வழக்கமாக இருந்த ஒரு காலத்தின், ஒரு நகரத்தின் பெண்ணுடல் அது. 'இயற்கையான' வளைவு என்று பின்னால் பாடப்புத்தகங்களில் ஏறியது இதுதான். இதைச் சொல்ல நமக்குக் கோட்பாடு தேவையில்லை. ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையே சொல்கிறது.

வளைவு கோடானது வேறு இடத்தில். ரொடீசியா. இன்றைய ஜிம்பாப்வே. 1965இல் வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டு கறுப்பின மக்களை ஆண்டுகொண்டிருந்த நாடு. அங்கே சாலிஸ்பரி நகரத்தில் - இப்போது ஹராரே - ஃபில்பாட், காஸில் என்கிற இருவர் 1972இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் பிரசவத்துக்கு வந்த 624 ஆப்பிரிக்கப் பெண்கள். நிலைமை இதுதான்: மருத்துவர்கள் சொற்பம்; அவர்கள் நடு ஆஸ்பத்திரியில். சுற்றியிருந்த சின்ன மருத்துவ நிலையங்களில் பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச் செவிலியர்கள். தலை இறங்காமல், வழி அடைபட்டு, ஒரு பெண் நாள்கணக்கில் வலியில் கிடந்தால் கர்ப்பப்பை கிழியும், பிள்ளை போகும். பிழைத்தாலும் சிறுநீர்ப் பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்து சாகும்வரை நனைந்தபடியே இருக்க நேரும். அவளை எப்போது நடு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது? சீக்கிரம் அனுப்பினால் எல்லாரையும் அனுப்ப வேண்டும். தாமதித்தால் பிணத்தைத்தான் அனுப்ப வேண்டும்.

மெதுவாக முன்னேறிய பத்து சதவீதப் பெண்களின் வேகத்தைக் கணக்கெடுத்து, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஒரு நேர்கோடு போட்டார்கள். அதுதான் எச்சரிக்கைக் கோடு. அதைத் தாண்டினால் வண்டியைக் கூப்பிடு. நாலு மணி நேரம் தள்ளி இன்னொரு கோடு. அங்கே வந்தால் மருத்துவர் தலையிட வேண்டும்.

இந்த நாலு மணி நேரம் எதற்கு? சின்ன நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிற வெள்ளை இடம் கர்ப்பப்பையின் உள்ளே இருக்கிற ஏதோ இயற்கை விதி அல்ல. அது ஒரு சாலை.

தமிழ்க் கவிதையியல் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று நாம் படித்திருக்கிறோம். இந்தத் தாளில் பொழுது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கிடைக்கோடு முழுக்கப் பொழுது. நிலம் எங்கே என்று தேடினால் அது பொழுதாக உருமாறி நாலு கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆப்பிரிக்க நகரம் ஒன்றின் புறநகர் நிலையம், அங்கிருந்து போகிற பாதை, வந்தாலும் வராமலும் போகிற வண்டி - எல்லாம் சேர்ந்து 'நாலு மணி நேரம்'. நிலத்தை மறந்துவிட்டு வாசித்தால் பாட்டு மட்டுமல்ல, இந்தத் தாளும் பொருள் மாறிப் போகும். மாறித்தான் போனது.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சூழலில் அந்தக் கோடு யாருக்கு அதிகாரம் கொடுத்தது? இனவெறி அரசின் கீழ், ஒரு கறுப்பின மருத்துவச் செவிலி நடு ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்பி 'இந்தப் பெண்ணின் நிலைமை சரியாகப் படவில்லை' என்று சொன்னால் அது அவளுடைய அபிப்பிராயம். 'கோட்டைத் தாண்டிவிட்டது' என்று சொன்னால் அபிப்பிராயம் இல்லை; வண்டி அனுப்பியாக வேண்டும். பேச்சுக்கு மதிப்பில்லாத ஒருத்தியின் கையில் எழுத்து ஒரு கட்டளையாகிறது. மேலிருந்து கீழே பார்க்கிற கண் என்று நாம் நினைத்த தாள், கீழிருந்து மேலே போகிற குரலாகவும் இருந்திருக்கிறது. கோட்டைப் போட்டவர்கள் அந்தச் சமூகத்தின் மேல்தட்டில் இருந்தவர்கள் என்பது உண்மை. அதனாலேயே கோட்டின் அர்த்தம் அவர்களிடம் முடிந்துவிடவில்லை.

3

அதே காலத்தில் அயர்லாந்தில் வேறு கதை. டப்ளின் தேசிய மகப்பேறு மருத்துவமனையில் ஓ'டிரிஸ்கால் என்பவரும் கூட்டாளிகளும் 1969லிருந்து எழுதிய கட்டுரைகளில் 'முனைப்பான பிரசவ மேலாண்மை' என்ற ஒன்றை முன்வைத்தார்கள். முதல் பிரசவப் பெண் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வலியில் இருக்கக் கூடாது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறவில்லையா? பனிக்குடத்தை உடை. அப்புறமும் ஏறவில்லையா? ஆக்ஸிடோசின் சொட்டு மருந்து போடு. அங்கே சாலை கிடையாது. பெண் ஏற்கெனவே பெரிய ஆஸ்பத்திரிக்குள்தான் இருக்கிறாள். எனவே கோடு 'இவளை அனுப்பு' என்று சொல்லவில்லை, 'இவளை வேகப்படுத்து' என்று சொன்னது. ஒரே ஒரு சென்டிமீட்டர், ஒரே ஒரு மணி நேரம், வினைச்சொல் மாறிவிட்டது.

டப்ளின் முறையில் இன்னொன்றும் இருந்தது. வலியில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கூடவே ஒரு செவிலி, கடைசி வரை. உலகம் முழுக்கப் பயணம் போனது சொட்டு மருந்தும் கடிகாரமும். அந்தச் செவிலி டப்ளினிலேயே தங்கிவிட்டார். ஒரு பிரதி மொழிபெயர்க்கப்படும்போது எது கைவிடப்படுகிறது என்று பார்த்தால் போதும், மொழிபெயர்ப்பவரின் பட்ஜெட் தெரிந்துவிடும்.

ஆக, வரைபடம் என்றாலே தலையீடு, வன்முறை என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? முடியாது. உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் நடத்திய பெரிய ஆய்வு 1994இல் வெளியானது. 35,484 பெண்கள். வரைபடமும் அதற்கான நெறிமுறையும் வந்த பிறகு நீண்டுபோன பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. வலியைத் தூண்ட மருந்து போடுவது 20.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. அவசர சிசேரியன் 9.9லிருந்து 8.3. செத்துப் பிறக்கிற குழந்தைகள் 0.5லிருந்து 0.3.

இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். தாள் வந்ததும் ஊசி பாதிக்கு மேல் குறைகிறது. 'கோட்டுக்கு இடப்பக்கம்தானே போகிறது, சும்மா இரு' என்று அந்தத் தாள் மருத்துவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கண்காணிப்பு எப்போதும் உடலைத்தான் கண்காணிக்கும் என்பதில்லை. சில நேரம் அது மருத்துவரையும் கண்காணிக்கிறது.

இதையும் முடிந்த முடிவாகச் சொல்ல முடியவில்லை. கிடைத்த சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்த கோக்ரேன் மதிப்பாய்வு, 2018இல், வழக்கமாக வரைபடம் போடுவதால் வரும் விளைவுகளை நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றது. ஒரு தாள் ஓர் இடத்தில் உயிர் காக்கிறது; இன்னோர் இடத்தில் அவசரப்படுத்துகிறது; மற்றோர் இடத்தில் ஒன்றுமே செய்வதில்லை. தாளின் அரசியல் கோட்டில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார், முக்கியமாக எப்போது எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது.

4

எப்போது எழுதப்படுகிறது? ஓய்வுபெற்ற ஒரு நர்சம்மா என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

'தம்பி, ராத்திரி டூட்டியில நான் ஒரு ஆளு. மூணு பொம்பளைக வலியில கெடக்காக. ஒருத்திக்குத் தலை தெரியுது. அப்ப நான் பிள்ளையைப் பிடிக்கவா, பேனாவைப் பிடிக்கவா? காலையில டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள உக்காந்து எல்லாத்தையும் போட்டு முடிச்சிருவேன். கோட்டைத் தாண்டாமத்தான் போடுவேன். தாண்டுச்சுன்னா ஏன் முன்னாலேயே சொல்லலைன்னு கேப்பாகல்ல?'

இதைப் பொய்க் கணக்கு என்று சொல்லி அந்த அம்மாவைக் கூண்டில் ஏற்றுவது எனக்கு நோக்கமில்லை. அவர் சொன்னதில் இருக்கிற விமர்சனக் கூர்மை நம் பல கட்டுரைகளில் இல்லை. பிள்ளையைப் பிடிக்கவா, பேனாவைப் பிடிக்கவா? இது எழுத்து பற்றிய ஒரு கேள்வி. மூன்று உடல்களுக்கு ஒரு கை என்று அரசு கணக்குப் போடுகிறபோது எழுத்து பின்னால் தள்ளப்படுகிறது. காலையில் அது எழுதப்படும்போது பிள்ளை பிறந்துவிட்டது, முடிவு தெரிந்துவிட்டது. முடிவு தெரிந்தபின் எழுதப்படுகிற குறிகள் கோட்டுக்கு இணையாக, ஒழுங்காக, ஒரு சாய்விலே ஏறிப்போகும். நமது யதார்த்தவாத நாவல்கள் மாதிரி.

பிரசவ நேரத்தில் போடப்பட்ட குறியும் காலையில் போடப்பட்ட குறியும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்று, இனி என்ன நடக்கும் என்று தெரியாதவள் கேட்கிற கேள்வி. மற்றது, நடந்தது எதற்கும் யாரும் பொறுப்பில்லை என்கிற வாக்குமூலம். முதலாவதன் வாசகர் அடுத்த ஷிப்ட் நர்ஸ், வண்டி ஓட்டுநர், மருத்துவர். இரண்டாவதன் வாசகர் தணிக்கைக்கு வருகிற அதிகாரி. 2017 டிசம்பரில் மத்திய அரசு 'லக்ஷ்யா' என்ற பெயரில் பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த ஒரு திட்டம் தொடங்கியது. அதில் 'நடப்பு நேரத்தில்' பார்ட்டோகிராஃப் எழுதப்படுகிறதா என்பதும் ஒரு தர அளவீடு. 'நடப்பு நேரத்தில்' என்று அடைமொழி போட வேண்டி வந்ததே, மற்ற நேரத்தில் எழுதப்படுவது ஊரறிந்த சங்கதி என்பதால்தான். ஆனால் தணிக்கைக்காக வைக்கிற அளவீடு, ஆளை நியமிக்காதவரை, இன்னும் அழகான காலை நேரத்து எழுத்தைத்தான் உற்பத்தி செய்யும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெருக்கல் குறி ஏதோ கருவி காட்டிய அளவு அல்ல. கையுறை போட்ட இரண்டு விரல்கள் உள்ளே போய், இருட்டில் தடவிப் பார்த்து, விரித்து, மனசுக்குள் கணக்குப் போட்டுச் சொல்வது. லேபர் வார்டுப் பேச்சில் இன்னும் 'ரெண்டு விரல் திறந்திருக்கு' என்கிற வழக்கு உண்டு. தாளுக்கு வரும்போது விரல் சென்டிமீட்டர் ஆகிறது. ஒரே பெண்ணை இரண்டு பேர் சோதித்தால் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே வருவது சகஜம். ஆனால் கட்டத்தில் தயக்கத்துக்கு இடம் கிடையாது. 'நாலு இருக்கும்போல' என்பது நாலு ஆகிவிடுகிறது. ஒரு கையின் நுண்ணறிவு எண்ணாக மாறும்போது அந்தக் கைக்கு உரிய சந்தேகம் அழிந்துபோகிறது. நாலு என்பதுதான் அப்போது கடிகாரம் ஓடத் தொடங்குகிற இடம் என்பதால், அந்தச் சந்தேகம் சாதாரணமானதல்ல.

5

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் மருத்துவச்சியைக் கூட்டிவருவார்கள். தாளும் கோடும் இல்லாத காலம், வெந்நீரும் விளக்கெண்ணெயும், கைராசிக்காரக் கிழவி, பெண்களின் அறிவு மரபு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பிரசவம் பார்த்தவர்கள் சவரத் தொழில் செய்யும் சாதி என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மருத்துவர் சமூகத்துப் பெண்களும் தலித் பெண்களும்தான். ரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்பதால் அந்த வேலை அவர்கள் தலையில் விழுந்தது. பிள்ளையை முதலில் தொடுகிற கை அந்த வீட்டுக்குள் பிறகு எதையும் தொடக் கூடாது. அறிவு மரபைக் கொண்டாடும்போது இந்தச் சாதிக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கொண்டாட்டம் கொஞ்சம் குறையும்.

அந்தப் பெண்களைப் பற்றி அரசு எழுதிய முதல் தாள்களில் பிரசவம் இல்லை. சென்னை மாகாணத்தின் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926இல் வந்தது. அது கேட்ட எழுத்து ஒரு பதிவேடு: யார் பயிற்சி பெற்றவர், யார் இல்லை. பிரசவத்தைப் பதிவதற்கு முன்பே பிரசவம் பார்ப்பவளைப் பதிந்தார்கள். எழுதத் தெரிந்தவள் உள்ளே வந்தாள். கையில் அறிவு இருந்தும் எழுதத் தெரியாதவள் வெளியே போனாள். எழுத்துக்கு முன்னால் பேச்சு தோற்ற இந்தக் கதையில் தோற்றவளுக்குச் சாதியும் இருந்தது. தெரிதாவைத் தமிழில் பேசும்போது இதைச் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

ஆனால் அதற்காகத் தாளில்லாத காலத்துக்குத் திரும்ப முடியாது. 2018 ஜூலையில் திருப்பூரில் யூட்யூப் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் இறந்துபோனார். இயற்கை, மரபு என்ற சொற்களை அலட்சியமாக எழுதுகிறவர்கள் அந்தச் செய்தியை ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும். ரத்தப்போக்குக்குக் கோட்பாடு தெரியாது.

தாளில் வலி எப்படி எழுதப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் இருபது நொடிக்குக் குறைவான வலிக்குக் கட்டத்தில் புள்ளிகள். இருபதிலிருந்து நாற்பது வரை சாய்கோடுகள். நாற்பதுக்கு மேல் முழுக் கறுப்பு. இங்கே எழுதப்படுவது கர்ப்பப்பை சுருங்குவது. பெண்ணுக்கு வலிப்பது அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வலி என்றால் நோவும் உண்டு, வலிமையும் உண்டு. தமிழ்நாட்டுப் பிரசவங்களை ஆராய்ந்து சிசிலியா வான் ஹாலன் என்ற மானிடவியலாளர் 2003இல் வெளியிட்ட நூலில், ஊசி போட்டு வலியைக் கூட்டச் சொல்லிப் பெண்களே கேட்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். வலி கூடினால் சக்தி கூடும் என்பது அவர்கள் தரப்பு. 'மருத்துவ அதிகாரம் ஊசியைத் திணிக்கிறது' என்கிற நம் எளிய வாக்கியத்துக்குள் இந்தப் பெண்கள் அடங்கமாட்டார்கள். அவர்களுக்கு விருப்பம் இருக்கிறது, அர்த்தம் இருக்கிறது. அது எதுவும் தாளில் ஏறுவதற்குக் கட்டம் இல்லை. அதில் 'இன்னாருடைய மனைவி' என்பதற்குக் கட்டம் இருக்கிறது.

6

பழைய கோடு இப்போது போய்விட்டது, அதிகாரபூர்வமாக. நைஜீரியாவிலும் உகாண்டாவிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வில், எந்தச் சிக்கலும் இல்லாமல் பெற்றெடுத்த பெண்களிலேயே பலர் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்கிற வேகத்தில் போகவில்லை என்று தெரிந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், அந்த வேகம் சில பெண்களுக்கு நடக்காத காரியம், அதை வைத்து இயல்பைத் தீர்மானிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கணக்குத் தொடங்குகிற இடமும் நாலிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குப் போனது. ஆப்பிரிக்கப் பெண்களின் உடலிலிருந்து எடுத்த கோட்டை அரை நூற்றாண்டு கழித்து ஆப்பிரிக்கப் பெண்களின் உடலே அழித்திருக்கிறது.

2020 டிசம்பரில் புதிய தாள் வந்தது. பிரசவப் பராமரிப்பு வழிகாட்டி என்று பெயர். சாய்கோடுகள் இல்லை. ஐந்து சென்டிமீட்டரில் ஆறு மணி நேரம், ஆறில் ஐந்து, ஏழில் மூன்று, எட்டில் இரண்டரை, ஒன்பதில் இரண்டு - ஒவ்வோர் இடத்திலும் தனித்தனி வரம்பு. அதைத் தொட்டால் வட்டம் போட வேண்டும். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மேலே இருக்கிற பகுதி. கூட ஆள் இருக்கிறாரா? வலி குறைய ஏதாவது கொடுத்தீர்களா? குடிக்க ஏதாவது கொடுத்தீர்களா? இந்த மூன்றுக்கும் மூன்று விடைகள்: ஆம், இல்லை, மறுத்தாள்.

மறுத்தாள். இந்தத் தாளின் வரலாற்றில் பெண் ஒரு வினைமுற்றின் எழுவாயாக வருகிற இடம் இது. இதுவரை அவளுக்குத் திறந்தது, இறங்கியது, உடைந்தது, துடித்தது. எல்லாம் உறுப்புகள் செய்தவை. இங்கே அவள் ஒன்றைச் செய்கிறாள், வேண்டாம் என்கிறாள். அடியில் சேர்ந்து முடிவெடுப்பதற்கு என்று ஒரு பகுதியும் இருக்கிறது.

கைதட்டுவதற்கு முன்னால் அந்த நர்சம்மாவின் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். பிள்ளையைப் பிடிக்கவா, பேனாவைப் பிடிக்கவா? இந்தப் புதிய தாளையும் காலையில் உட்கார்ந்து எழுதினால் என்னாகும்? கர்ப்பப்பை வாய் கோட்டோடு ஒழுங்காக ஏறியதாக எழுதுவது ஒரு பொய். அவள் 'மறுத்தாள்' என்று எழுதுவது வேறு வகைப் பொய். கூட ஆளை அனுமதிக்காத வார்டில், அவளே வேண்டாம் என்று சொன்னதாகத் தாள் சாட்சி சொல்லும். அவளுக்குக் கிடைத்த ஒரே வினைமுற்று அவளுக்கு எதிரான ஆவணமாகும். பெண்ணின் குரலுக்கு இடம் விட்ட தாளில் அந்தக் குரலைத் திருடுவதும் சுலபம். இடமே விடாத தாளில் அந்த ஆபத்து இல்லை.

எனவே வடிவத்தை மாற்றினால் போதும் என்பவர்களோடும், தாளே வன்முறை என்பவர்களோடும் எனக்குச் சம்மதம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்கள் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடக்கின்றன, 44.9 சதவீதம் சிசேரியன். பிள்ளை பெறுகிற எல்லாப் பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கத்தி வழியாக வெளியே வருகிறார்கள். எது அவசியமான அறுவை, எது அவசரத்தில் செய்தது என்று பிரித்துச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். பிரசவ நேரத்தில் எழுதப்பட்ட தாள் அந்தச் சாட்சி. காலையில் எழுதப்பட்டது சாட்சி ஆகாது.

நேரத்தில் எழுத ஆள் வேண்டும். 2017 நவம்பரில் மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள், சமமான சம்பளம் கேட்டார்கள். எழுத்தாளர்களாகிய நாம் அதைத் தொழிற்சங்க விவகாரம் என்று ஒதுக்கிவிட்டு அந்த மாதமும் உடலெழுத்து பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு பெண் வலியில் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதைக் கேட்டு, கேட்டதை அப்போதே எழுதுகிற அளவுக்கு ஆள் வேண்டும் என்பது எழுத்து சம்பந்தப்பட்ட கோரிக்கையும்தான். கூடவே இன்னும் இரண்டு கேட்கலாம். அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும்போது அதன் நகல் ஒன்று அவள் கையில் இருக்க வேண்டும். தன் உடம்பைப் பற்றி எழுதியதை அவளே வாசித்து, 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று கேட்கிற வாய்ப்பு இருக்கிற வார்டில், காலையில் உட்கார்ந்து எழுதுவது கொஞ்சம் கஷ்டமாகும்.